கேள்வி–பதில்: தப்பும் தகரக் கூரையும் ஒலிப்பதிவும்

● காமன் கூத்தை ரெக்கோடரில் பதிந்தோம். பாட்டு தெளிவு. தப்புப் பறையின் அடி விழும் இடமெல்லாம் கரகரப்பு. பிறகு கணினியில் சத்தத்தைக் குறைத்தும் போகவில்லை. ஏன்?
– வாசகர், மஸ்கெலியா

இதுதான் கிளிப்பிங். டிஜிட்டல் பதிவின் உச்சவரம்பு 0 டெசிபல். அதைத் தாண்டும் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். பிறகு குறைத்தால் அந்தத் தட்டைத் தலைதான் சிறிதாகும், வெட்டுப்பட்டது திரும்பாது. மைக்கிலிருந்து வரும் சிக்னலை எவ்வளவு பெருக்கிப் பதிவது என்பது கெயின். உங்கள் காதுக்கு எவ்வளவு கேட்பது என்பது வொலியூம். ஹெட்போன் வொலியூமைக் குறைத்துவிட்டு ‘இப்போது சரி’ என்று இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

தப்பைத் தீயில் காய்ச்சிய பிறகே கெயினை வையுங்கள். காயாத தோலுக்கு வைத்த கெயினில், சூடேறிய தோலின் அடி மீட்டரின் எல்லையை முட்டும். ஓங்கி அடிக்கச் சொல்லி, முள் மைனஸ் 12 டெசிபலுக்கு மேல் ஏறாமல் நிறுத்துங்கள். கூத்து சூடுபிடித்தால் அடி இன்னும் பலக்கும். அதற்குத்தான் அந்த இடைவெளி. 24 பிட்டில் (நுணுக்கம் கூடிய பதிவு அமைப்பு) பதிந்தால், குரல் சற்றுத் தாழ்வாக விழுந்தாலும் பிறகு தூக்கிக்கொள்ளலாம். போனில் பதிவதானால், கெயினைத் தானே ஏற்றி இறக்கும் ஓட்டோ கெயினை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்குப் பின்னும் பாட்டு அமுங்கி எழும்.

● லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறை) பேட்டி எடுக்கும்போது தகரக் கூரையில் மழை. பில்டர் போட்டால் போகுமா?
– வாசகி, பொகவந்தலாவை

போகாது. மழைச்சத்தம் குரலிருக்கும் அதிர்வெண்களிலேயே பரவிக் கிடக்கிறது. மழையை அள்ளினால் குரலும் சேர்ந்து வரும்.

தூரத்தைக் குறையுங்கள். மழை கூரை முழுவதிலிருந்தும் இறங்குவதால் காம்பராவில் மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். குரலோ, தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடும். மூன்றடியிலிருந்து ஒரு சாணுக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். கார்டியோயிட் மைக்கை (முகத்துக்கு நேரே வரும் ஒலியை அதிகமாகவும் முதுகுப்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுப்பது) நெஞ்சுக்குக் கீழிருந்து நீட்டாதீர்கள், அதன் முகம் கூரையைப் பார்க்கும். நெற்றிக்கு மேலிருந்து வாயை நோக்கிச் சரித்துப் பிடித்தால் மைக்கின் முதுகு கூரைக்குப் போகும். ‘ப’ சொல்லும்போது வரும் காற்றும் நேராக முட்டாது.

கிளம்பும் முன் அதே இடத்தில், அதே கெயினில், யாரும் பேசாமல் ஒரு நிமிடம் மழையை மட்டும் பதியுங்கள். இது அம்பியன்ஸ், அதாவது இடத்தின் பின்னணி ஒலி. பேட்டியின் நடுவில் மழை விட்டிருந்தால் எடிட்டில் வெட்டிய இடம் காதில் இடறும். அந்த ஒரு நிமிடத்தை அடியில் ஓடவிட்டு மெல்ல ஏற்றி இறக்கினால் (பேட்) மறையும். எதிரில் இருப்பவரிடமே கத்திப் பேசவேண்டிய மழையா? நிறுத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

● பனியில் பதிந்துவிட்டு வீட்டுக்குள் வந்ததும் கொண்டென்சர் மைக் (மின்னூட்டத்தால் வேலை செய்யும் வகை) பட்பட்டென்று வெடிக்கிறது. பழுதா?
– வாசகர், நானுஓயா

பெரும்பாலும் ஈரம். குளிர்ந்த மைக்கில் வீட்டுக் காற்றின் ஈரம் படிந்து, உள்ளே இருக்கும் மின்னூட்டம் கசிகிறது. வெளியிலேயே பையில் போட்டு மூடிக்கொண்டு வாருங்கள். அரைமணி நேரம் கழித்துத் திறவுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும். அடுப்படியில் காயவைக்க வேண்டாம், புகை இன்னும் கெடுக்கும். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட டைனமிக் மைக்கில் இந்தத் தொல்லை இல்லை.