அத்தானுக்கு ஏன் வந்தது?

வணக்கம் மேடம்,

இதய நோய் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘அபாயக் காரணி’, அதாவது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற விஷயம், என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே கோபம். என் அத்தான் போன ஐப்பசியில் மாரடைப்பில் இறந்தார். வயது 47. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. தினமும் காலையில் சஞ்சய் ஏரிப் பக்கம் நடை. சின்ன வயதில் குச்சி மாதிரி இருப்பார், டெல்லிக்கு வேலைக்கு வந்த பிறகு கொஞ்சம் தொப்பை விழுந்தது, அவ்வளவுதான். எங்கள் தாத்தாவோ விருதுநகரில் தினம் ஒரு கட்டு பீடி பிடித்துக்கொண்டு 86 வயது வரை இருந்தார். உங்கள் காரணிகள் எங்கே போயின? இதற்கும் ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்? போன வாரம் எங்கள் அபார்ட்மெண்டுக்கு ஆய்வு என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். இடுப்பு அளக்கணுமாம், ரத்தம் எடுக்கணுமாம். அக்கா கதவைச் சாத்திவிட்டாள். சனிக்கிழமை மறுபடி வருவார்களாம். வெள்ளைக்காரர்களை அளந்து எழுதிய கணக்குக்கு நாங்கள் ஏன் கதவைத் திறக்க வேண்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள நண்பருக்கு,

47 போகிற வயதில்லை. அக்காவிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். கதவைச் சாத்தியதில் அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நானே டேப்பும் படிவமுமாக இந்த ஊரில் ஒன்பது வருடம் வாசல் வாசலாக நின்றவள். சாவு விழுந்த வீடு என்று தெரியாமல் மணியை அடித்துவிட்டு, உள்ளே மாலை போட்ட படத்தைப் பார்த்துக் கூசிப்போன நாட்கள் உண்டு.

முதலில் தாத்தா. 1951இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தார்கள். யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று 50 வருடம் அந்த ஆய்வு தொடர்ந்தது. விடாமல் புகைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைப் புகையே கொன்றது என்று 2004இல் கணக்கு வந்தது. அப்படியென்றால் மீதிப் பாதி? அவர்களில் ஒருவர்தான் உங்கள் தாத்தா. அவர் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளேதான் இருக்கிறார். அவரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்து ஐம்பதிலும் அறுபதிலும் போனவர்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு யாரும் கதை சொல்வதில்லை. 86 வரை இருந்தவர்தான் கதையாக மிஞ்சுகிறார்.

அத்தான் விஷயம் இதைவிடக் கடினம், ஆனால் முக்கியமானது. கணக்குக்காக ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 50 பேர் ‘ஹை ரிஸ்க்’: பிரஷர், சர்க்கரை, சிகரெட் எல்லாம் சேர்ந்தவர்கள். பத்து வருடத்தில் அவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கு மாரடைப்பு வருமென்றால் மொத்தம் 10 பேர். மீதி 950 பேர் உங்கள் அத்தானைப் போலச் சாதாரணமானவர்கள். நூற்றுக்கு 4 பேருக்குத்தான் வரும். ஆனால் 950இல் 4 சதவீதம் என்பது 38 பேர். மருத்துவமனைக்கு வருகிற 48 பேரில் 38 பேர், ‘இவருக்கா? இவருக்கு ஒன்றுமே இல்லையே’ என்று சொந்தக்காரர்கள் அழுகிற ஆட்கள்தான். எண்கள் நான் போட்டவை, ஆனால் இந்த உண்மையை நிறுவிச் சொன்னவர் ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். 1985இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மக்கள் கூட்டத்தில் நோய் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்க்கிற எங்கள் துறையின் போக்கையே மாற்றியது. லண்டனின் அரசு ஊழியர்களையும் கென்யாவின் நாடோடி மக்களையும் ரத்த அழுத்தத்தில் ஒப்பிட்டார். லண்டனில் யாரோ சிலருக்கு மட்டும் ஏறியிருக்கவில்லை, ஒட்டுமொத்தக் கூட்டமே மேலே நகர்ந்திருந்தது. ‘இந்த ஆளுக்கு ஏன் வந்தது?’ என்பது ஒரு கேள்வி, ‘இந்த ஊரில் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது?’ என்பது வேறு கேள்வி என்றார். நீங்கள் கேட்பது முதல் கேள்வி. எங்களால் பதில் சொல்ல முடிவது இரண்டாவதுக்கு. உங்களுக்கு எங்கள்மேல் வருகிற கோபம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அது நியாயமானது.

ஜோசியத்திலிருந்து இது விலகுகிற இடமும் அதுவே. ஜோசியர் ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வார். நாங்கள் ஒரு ஆளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல மாட்டோம். நோய் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்போம். எழுதியது தப்பாகப் போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

வெள்ளைக்காரர்களை அளந்த கணக்கு என்கிறீர்கள். அபாயக் காரணி, அதாவது ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததே அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர் ஆய்வால்தான். 1948இல் 5,209 பேரோடு தொடங்கியது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து யமுனையைத் தாண்டினால் வருகிற லாஜ்பத் நகரில் நடந்ததைக் கேளுங்கள். பிரிவினையில் வந்த அகதிகள் குடியேறிய பகுதி அது. அங்கே 12 சதுர கிலோமீட்டருக்குள் வசித்த, மணமான பெண்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, 1969 முதல் 1972 வரை அவர்களுக்குப் பிறந்த எட்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகளை எடை போட்டு, உயரம் அளந்தார்கள். பிறந்தவுடன் ஒரு முறை, பிறகு மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, வளர்ந்து மீசை முளைக்கும் வரை. வீடு மாறியவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், சம்மதிக்காதவர்கள் போக, முப்பதை ஒட்டிய வயதில் ஏறக்குறைய 1,500 பேரைத் தேடிப்பிடித்துச் சர்க்கரை பார்த்தார்கள். நூற்றில் 15 பேருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோயோ அதன் முந்தைய கட்டமோ இருந்தது. 2004இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த 15 சதவீதத்தினர் குண்டுக் குழந்தைகளாக இருந்தவர்கள் இல்லை. இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பிறகு மற்றவர்களைவிட வேகமாகச் சதை போட்டவர்கள். 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல்பருமன் என்ற எல்லைக்குள் வரவில்லை.

‘குச்சி மாதிரி இருப்பார், பிறகு தொப்பை விழுந்தது, அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தானுக்குச் சர்க்கரை இருந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ நம் ஊர் உடம்புக்கு அவ்வளவு சின்ன விஷயமில்லை என்பதை ஃப்ராமிங்ஹாம் சொல்லவில்லை, லாஜ்பத் நகர் சொன்னது. இடுப்பளவுக்கு ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்டிமீட்டர் எல்லை, தெற்காசிய ஆண்களுக்கு 90 என்று தனியாக வைத்திருப்பதும் நம்மவர்கள் கதவைத் திறந்து அளக்க விட்டதால்தான்.

அந்த அளவு எடுப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அக்காவுக்கு உதவும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சைச் சாதாரணமாக விட்டு முடிக்கிற நேரத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். டேப் தோலைத் தொட்டதும் எல்லோரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். “மூச்சு விடுங்க சார்” என்று நான் சொல்லாத வீடு இல்லை. பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைப்போம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆர்.கே. புரத்தில் ஒரு தஞ்சாவூர்ப் பாட்டி, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் என்று கேட்டதற்கு “மூணு” என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்து, “பொடிக்கு விடற நல்லெண்ணெயச் சொல்ல மறந்துட்டேன், அதையும் எழுதிக்கோ, கணக்கு தப்பாகிடப் போறது” என்றார். திருத்தி எழுதிக்கொண்டேன். பெரிய எண்களெல்லாம் இப்படித் திருத்தி எழுதியவற்றால் ஆனவை.

எல்லா ஆய்வும் இப்படி நேர்மையாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நான் வேலை செய்த ஒன்றில், ரத்தம் கொடுத்தவர்களுக்கு முடிவைத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பல வீடுகளுக்குத் தரவேயில்லை. அந்தத் தெருக்களுக்குத் திரும்பப் போக எனக்கு முகமில்லை.

ஆகவே சனிக்கிழமை அவர்கள் வந்தால் முதலில் நீங்கள் கேளுங்கள். ஆய்வில் சேர்கிறவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கிற நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இந்தி வேண்டாம், தமிழ் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். முடிவு எத்தனை நாளில் கைக்கு வரும், பிரஷரோ சர்க்கரையோ கூடுதலாக இருந்தால் எங்கே அனுப்புவார்கள், நடுவில் விலகலாமா என்றும் கேளுங்கள். இவற்றுக்கு நேராகப் பதில் வந்தால் திறங்கள். மழுப்பினால் திறக்க வேண்டாம்.

இன்னொன்று. அத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தை மகனா என்று கடிதத்தில் இல்லை. அத்தை மகனென்றால் அது உங்களுக்கும் ரத்த உறவு. எப்படியானாலும் அவருக்குப் பிள்ளைகள் இருந்தால், அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்தது என்பது அவர்கள் போகிற ஒவ்வொரு மருத்துவரிடமும் முதலில் சொல்ல வேண்டிய செய்தி. வருகிற பெண்களும் பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு உண்டா என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். அக்காவே சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும்.

அன்புடன்.