ஹாங்காங் பல்கலைக்கழகம் போருக்குப் பின் திறந்த வரலாறு: கேள்வி பதில்

கேள்வி: 1945இல் கட்டடங்கள் குண்டுவீச்சில் இடிந்து கிடந்தனவா?

பதில்: ஜப்பான் ஹாங்காங்கைத் தாக்கிய 1941 டிசம்பர்ச் சண்டையில் சேதம் ஏற்பட்டது உண்மைதான்; ஆனால் பெரும் அழிவு கொள்ளையால் வந்தது. விறகுக்கே வழியில்லாத ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், ஆளில்லாத கட்டடங்களிலிருந்து கதவுகள், சன்னல் சட்டங்கள், தரைப்பலகைகள், கூரை விட்டங்கள் எல்லாம் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. 1912இல் திறக்கப்பட்ட பிரதான கட்டடத்தின் பெரிய மண்டபம் கூரையின்றி மழையில் நனைந்தது. செங்கல் சுவர்களும் கருங்கல் தூண்களும் மட்டும் நின்றன. ‘குண்டுவீச்சில் அழிந்தது’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். சுவர் நிற்கும் கட்டடத்துக்குத் தேவை மரமும் கண்ணாடியும் தச்சர்களும். இடிந்த கட்டடத்துக்குத் தேவையானவை வேறு.

கேள்வி: அப்படியானால் கூரை போட்டதும் திறந்திருக்கலாமே? மீண்டும் திறப்பதை ஆராய லண்டனில் குழு எதற்கு?

பதில்: கூரையைவிடப் பெரிய கேள்வி, இது யாருக்கான பல்கலைக்கழகம் என்பதுதான். சீன மாணவர்களை ஈர்க்கும் பிரிட்டிஷ் கல்விக்கூடமாகவே இதைத் தொடங்கியிருந்தார்கள். 1945இலோ ஹாங்காங் பிரிட்டன் வசம் நிலைக்குமா என்பதே உறுதியில்லை. நிலையில்லாத இடத்தில் பணம் போடலாமா என்ற தயக்கத்தைக் காலனி அமைச்சகத்தின் கல்வி ஆலோசகர் கிறிஸ்டோபர் காக்ஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து, மீண்டும் திறக்கலாம் என்றே பரிந்துரைத்தது. 1946இல் வகுப்புகள் தொடங்கின.

மறுப்பு (வேறொரு வாசகர்): குழு தேவையே இல்லை, மாணவர்கள் காத்திருந்தார்களே, ஐயா!

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது, மாணவர்கள்தான் என் வாதத்துக்கும் அடிப்படை. 1941 டிசம்பரில் ஹாங்காங் ஜப்பானிடம் சரணடைந்த சில நாட்களுக்குள் இறுதியாண்டு மாணவர்களுக்கு அவசரமாகப் பட்டம் வழங்கப்பட்டது. மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் கார்டன் கிங் 1942இல் தப்பிச் சென்று, சீனாவுக்குள் சிதறிய மாணவர்களை அங்குள்ள கல்லூரிகளில் சேர்த்துப் படிப்பைத் தொடர வைத்தார். ஆகவே பல்கலைக்கழகம் முழுதாக நின்றுபோகவில்லை. ஆனால் ஜப்பானியரின் ஸ்டான்லி தடுப்பு முகாமில் மூன்றரை ஆண்டுகள் அடைபட்டு மெலிந்த ஆசிரியர்களை மறுநாளே வகுப்பறைக்கு அனுப்ப முடியாது; சம்பளமும் ஆய்வுக்கூடமும் இல்லாமல் மருத்துவம் கற்பிக்கவும் முடியாது. நிதிக்கு லண்டனின் ஒப்புதல் வேண்டும் என்ற இடத்தில்தான் குழு தவிர்க்க முடியாததாகிறது.

கேள்வி: குண்டு விழுந்த கட்டடங்களை எப்படிச் சீரமைத்தார்கள்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நூல்களும் விறகாயினவா?

பதில்: பல்கலைக்கழகத்தின் ஃபுங் பிங் ஷான் நூலகத்தின் சீன நூல்கள் பெரும்பாலும் தப்பின, அதன் நூலகர் சென் ஜுன்பாவோ அவற்றைக் காத்தவர். அங்கே பாதுகாப்புக்கு வைத்திருந்த சீனாவின் தேசிய மத்திய நூலகத்தின் நூல்களை ஜப்பானியர் தோக்கியோவுக்குக் கொண்டு சென்றனர். போருக்குப் பின் அவை மீட்கப்பட்டன.

கேள்வி: சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியும் இப்படித்தானா?

பதில்: அது தனி வரலாறு, மலாயா வரலாறு படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: குண்டுவீச்சில் சிதைந்த பெரிய மண்டபம் இப்போது இருக்கிறதா?

பதில்: கொள்ளையில் சிதைந்த மண்டபம் இருக்கிறது. புதுப்பிக்கப்பட்ட பின், 1956இல் அதற்கு மலாயாவின் வெள்ளீயச் சுரங்க அதிபர் லோக் யூவின் பெயர் சூட்டப்பட்டது.