பழைய கணினிக்கு 8 ஜிபி ரேம் போட்டால் போதுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி நடத்துகிறேன். 2011-இல் வாங்கிய கணினியில்தான் இன்றும் டாலியில் கணக்கு எழுதுகிறோம். கோர் ஐ3 2100 செயலி, எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7 ஹோம் பேசிக். கணினி திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது. வங்கியின் தளமோ பிரவுசர் பழையது என்று திருப்பி அனுப்புகிறது. 8 ஜிபி ரேமும் விண்டோஸ் 11-உம் போட்டுத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். சீசன் தொடங்குவதற்குள் செய்துவிடலாமா?

பதில்: ரேம் போடலாம்; விண்டோஸ் 11 வேண்டாம். அந்த இயங்குதளம் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோ கேட்கிறது. உங்களுடையது இரண்டாம் தலைமுறை. சோதனையை ஏமாற்றி நிறுவித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், பின்னாளில் அப்டேட் வராமல் போனால் அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். விண்டோஸ் 10-உம் வழியல்ல: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் விற்பதை 2023 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது.

ரேமைப் பொறுத்தவரை, கடைக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 32 பிட் விண்டோஸ் 7-ஆல் 4 ஜிபி-க்கு மேல் கையாள முடியாது. அதிலும் ஒரு பகுதியை மற்ற வன்பொருள்கள் எடுத்துக்கொள்வதால் ஏறக்குறைய மூன்றேகால் ஜிபிதான் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். ஆகவே இயங்குதளத்தை மாற்றாமல் 8 ஜிபி போட்டால் பாதிக்கு மேல் வீண். ஒரே பதிப்பின் 32 பிட், 64 பிட் இரண்டுக்கும் விண்டோஸ் 7-இன் உரிம எண் பொதுவாக ஒன்றே என்பதால், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள எண்ணைக் கொண்டே 64 பிட் ஹோம் பேசிக்கை நிறுவிக்கொள்ளலாம். அது 8 ஜிபி வரை ஏற்கும். ஆனால் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படியே தாவ முடியாது. புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

எப்படியும் புதிதாக நிறுவப்போகிறீர்கள் என்பதால், ரேமைவிட அதிகப் பலன் தரக்கூடிய ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்: ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி அளவில். பத்து நிமிடத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் பழைய ஹார்டு டிஸ்க்தான். எச்61 போர்டின் சாட்டா இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட் வேகமே கொண்டது என்றாலும், சுழலும் தட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அழிக்காமல், அப்படியே பீரோவில் வையுங்கள். ஏதாவது தவறினால் அதையே மீண்டும் மாட்டி மறுநாள் மண்டியைத் திறக்கலாம். அதற்கும் முன்பாக, டாலியின் தரவுக் கோப்புறையை இரண்டு பென் டிரைவ்களில் நகலெடுத்து, டாலி உரிமத்தைச் சரண்டர் செய்துவிடுங்கள், அதாவது மீண்டும் ஏற்றும் வகையில் பழைய நிறுவலிலிருந்து விடுவித்துவிடுங்கள். இதை மறந்துவிட்டுப் புதிய டிஸ்க்கில் உரிமம் ஏறவில்லை என்று எழுதுபவர்கள் ஏராளம்.

உங்கள் போர்டுக்கு டிடிஆர்3 வகையில் 1333 மெகாஹெர்ட்ஸ் ரேம் தேவை. எச்61 போர்டுகளில் வழக்கமாக இரண்டு இடங்களே இருக்கும் என்பதால் 4 ஜிபி இரண்டாக வாங்கிப் போடுவது நல்லது. பணம் இடித்தால், இருக்கும் 2 ஜிபி-யுடன் 4 ஜிபி ஒன்றைச் சேர்த்து 6 ஜிபி ஆக்கினாலும் உங்கள் வேலைக்குப் போதும். மின்கம்பியைப் பிடுங்கிய பின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். மண்டித் தூசியில் பல ஆண்டுகள் இருந்த கணினி என்பதால், முதலில் புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வது அவசியம். ரேமை மாட்டிய பின் பீப் ஒலி மட்டும் வந்து திரை இருண்டிருந்தால் பதற வேண்டாம். கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, கொக்கி பூட்டும்வரை அழுத்துங்கள்.

இனி வங்கி விவகாரம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்தது. குரோம் பிரவுசரும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஆகவே அதில் கணக்கு எழுதலாம், பணப் பரிமாற்றம் கூடாது. அதே எஸ்எஸ்டி-யில் ஒரு பாதியை ஒதுக்கி, லினக்ஸ் மின்ட் 22 என்ற கட்டணமில்லாத இயங்குதளத்தை நிறுவுங்கள். 2029 வரை அதற்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. 4 ஜிபி ரேமிலேயே சிரமமின்றி ஓடும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசையில் நிறுவினால், கணினியைத் திறக்கும்போதே எது வேண்டும் என்று கேட்கும். டாலி உரிமத்தை மீண்டும் ஏற்றியதும் விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரை முடக்கிவிட்டு, இணைய வேலை அனைத்தையும் லினக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பில் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வைத்திருந்தால் அதற்கு 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது தேடும் பொருள் அல்ல அது.

கேள்வி: மாமாவின் பழைய டெஸ்க்டாப்பில் 4 ஜிபி டிடிஆர்3 ரேம் சும்மா இருக்கிறது. என் லேப்டாப்பும் டிடிஆர்3 தான். அதில் போடலாமா? (கல்லூரி மாணவி, அரூர்)

பதில்: பொருந்தாது. டெஸ்க்டாப் டிடிஆர்3-க்கு 240 பின்கள். லேப்டாப்புக்கானது நீளத்தில் குறைந்தது, 204 பின்கள் கொண்டது. தவிர, பல லேப்டாப்கள் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும். உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி, அதன் மேல் ஒட்டியுள்ள தாளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.