படகு எஞ்சினுக்கு ஆயிலை நாமே மாற்றலாமா? தடைக்காலம் முடிந்ததும் மாற்றினால் போதுமா?

தாராளமாக நீங்களே மாற்றலாம். பழைய விசைப்படகு வாங்கியிருக்கிறீர்கள், உள்ளேயே பொருத்திய டீசல் எஞ்சின், "ஜூன் மாதம் படகை இறக்கும்போது ஆயில் மாற்றிக்கொள்ளலாம்" என்று மெக்கானிக் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஜூன் மாதத்தில்தான் சம்மதமில்லை. பாம்பனில் எங்கள் வீட்டிலும் படகு உண்டு. அப்பா சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர், எஞ்சின் என் பொறுப்பு.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகை மேலேற்றி, மரவேலை, பெயிண்ட் எல்லாம் முடித்து, இறக்குவதற்கு முந்தின நாள் புது ஆயில் ஊற்றுவதுதான் பலருக்கும் பழக்கம். புது ஆயிலோடு தொழிலுக்குப் போவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஓடிக் கறுத்த ஆயிலில் டீசல் எரிந்த கரி மட்டும் இல்லை, அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். தினமும் ஓடும் எஞ்சினில் அந்த ஈரம் சூட்டிலேயே போய்விடும். இரண்டு மாதம் சும்மா நிற்கும் எஞ்சினில் அது பேரிங்கிலும் ஷாஃப்டிலும் உட்கார்ந்து அரிக்கும். அதனால் மாற்ற வேண்டியது ஏப்ரலில், கடைசியாகக் கரை வந்த அன்றைக்கு. ஜூனில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் போதும்.

அன்றைக்கே செய்வதில் வேறு வசதியும் இருக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும், ஆயில் இளகி, அடியில் படியப் பார்க்கும் கரியும் சேர்ந்து வெளியே வரும். கரையேற்றிய பிறகு சூடாக்க நினைத்தால், கடல் தண்ணீர் இழுத்துக் குளிரும் எஞ்சினைத் தண்ணீர் இல்லாமல் ஓட்ட முடியாது. பம்ப்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். படகு மிதக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள்.

லாரி எஞ்சினில் வேலை பார்த்தவர்கள் படகில் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கும் படகின் அடித்தளத்துக்கும் நடுவே கை நுழையவே சிரமம், இதில் பாத்திரம் எங்கே வைப்பது? டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் அத்தனையும் அடியில் தேங்கியிருக்கும் தண்ணீரில்தான் விழும். அதனால் படகில் ஆயிலை மேலே உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். சில எஞ்சின்களில் பக்கவாட்டிலேயே கைப்பம்ப் இருக்கும். இல்லையென்றால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் துளை வழியாக மெல்லிய குழாயை அடி தட்டும்வரை இறக்கி, கைப்பம்ப்பாலோ 12 வோல்ட் பம்ப்பாலோ கேனுக்குள் இழுங்கள். விசிறிக்குப் போகும் தண்டின் சாய்வுக்கேற்ப எஞ்சினும் பின்பக்கம் சரிந்து இருப்பதால் ஆயில் பின்னால்தான் சேரும். குழாயை இப்படி அப்படித் திருப்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வரும். வந்ததை அளந்துகொள்ளுங்கள். 12 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் 9 லிட்டர்தான் வந்தது என்றால் மிச்சம் உள்ளேதான் இருக்கிறது. 12-க்கு 14 வந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும்.

பழைய ஆயிலை அப்படியே டிரம்மில் கொட்டிவிடாதீர்கள். புது ஆயில் ஊற்றுவது பத்து நிமிட வேலை. பழசைப் பார்ப்பதுதான் அசல் வேலை, கூலிக்கு வருபவர் அவசரத்தில் விட்டுவிடுவதும் அதைத்தான். வெறும் கறுப்பு என்றால் பயமில்லை, டீசல் எஞ்சின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் தகர மூடியில் இரண்டு சொட்டு விட்டு அடுப்பில் காட்டித் தள்ளி நில்லுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர்தான். ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், கடல் தண்ணீர் பம்ப்பின் சீல், இந்த மூன்றில் ஒன்றில் கசிவு இருக்கும். பம்ப்பின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். சீல் போனால் அது வழியாகச் சொட்டி உங்களுக்குச் சொல்வதற்காகவே வைத்தது. சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள் சிலர்! சொட்ட வேண்டிய தண்ணீர் பிறகு எஞ்சினுக்குள் போகிறது. உப்புத் தண்ணீர் கலந்தது உறுதியானால், கசிவை அடைத்த கையோடு விலை குறைந்த ஆயிலாவது ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி, உறிஞ்சி எடுத்து, பால் நிறம் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.

ஆயில் கூடியிருக்கிறது, தண்ணீராக ஓடுகிறது, டீசல் வாடை அடிக்கிறது என்றால் டீசல் பம்ப் பக்கமோ இன்ஜெக்டர் பக்கமோ கசிவு. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெயிலில் பாருங்கள், மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், பேரிங் பூச்சு காந்தத்தில் ஒட்டாது. பழைய படகு வாங்கிய உங்களுக்கு, முன்பு வைத்திருந்தவர் சொல்லாததையும் அந்தக் கேன் சொல்லிவிடும். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், எஞ்சின் நின்ற படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இழுபட்டு இலங்கையோடு 1974-இல் போட்ட கடல் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அப்புறம் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டிக்கொண்டு திருகுங்கள், வழிவது பைக்குள்ளேயே விழும். பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதுசையும் மாட்டினால் அழுத்தம் வந்ததும் பீறிட்டு மொத்த ஆயிலும் வெளியே வந்துவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று, கையாலேயே. ஆயில் 15டபிள்யூ-40 டீசல் வகை பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் எஞ்சின் புத்தகத்தில் போட்டிருப்பதே கடைசி வார்த்தை. ஊற்றியதும் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி கொஞ்சம் சுற்றவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்து, பிரஷர் ஏறுகிறதா, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பாருங்கள். அணைத்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக். கரையேற்றிய படகு வேறு சாய்வில் நிற்கும், அங்கே டிப்ஸ்டிக் காட்டும் அளவை நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் தனி, அதையும் பார்த்துவிடுங்கள்.

பழைய ஆயிலை மரத்துக்குப் பூசுவது, அடித்தண்ணீரோடு இறைத்துவிடுவது இரண்டுமே வேண்டாம். சோப்புத்தூள் போட்டால் படலம் கண்ணுக்கு மறையும், ஆயில் தண்ணீரில்தான் இருக்கும். நாம் இறைத்துவிடும் அந்தத் தண்ணீரில்தான் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்கள் கடல்பாசி எடுக்க இறங்குகிறார்கள். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகளும் இந்தக் கடலில்தான் இருக்கின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுமதி பெற்றவர்களுக்குப் போகும்படி கொடுங்கள். எஞ்சின் அடியில் எப்போதும் ஒரு பழைய துணிச் சுருளைப் போட்டு வைத்தால் சொட்டுவதை அது குடித்துக்கொள்ளும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேட்டிருந்தீர்கள். படகுக்கு நாள் கணக்கோ கிலோமீட்டர் கணக்கோ கிடையாது, மணிக்கணக்குதான். பல டீசல் எஞ்சின்களுக்கு 250 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள், சிறிய எஞ்சின்களுக்கு அதிலும் குறைவு. ஒருமுறை போய்வர 15 மணி நேரம் ஓடுகிறது என்றால் 16, 17 முறை போய்வந்தாலே 250 வந்துவிடும். ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் வேலை செய்யாத பழைய படகு என்றால், படகு ஓட்டும் அறையான வீல்ஹவுஸ் சுவரில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள், எங்கள் டிரைவர் அண்ணன் அப்படித்தான் போடுகிறார். பழைய கணக்கு தெரியாததால் உங்களுக்கு முதல் தடவை மட்டும், புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கில் பாதி ஓடியதுமே மாற்றிவிடுங்கள்.