விட்டுப்போன பயண நோட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இருபது வருடங்களுக்கு மேல் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நோட்டு வைத்து எழுதியும் வரைந்தும் வந்தேன். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு பாலத்தைப் பாதி வரைந்து, மிச்சத்தை வீட்டில் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முடிக்கவில்லை. அதன்பின் நோட்டையே திறக்கவில்லை. போனில் ஆயிரக்கணக்கில் படங்கள்தான் சேர்ந்திருக்கின்றன. சென்ற மாதம், முன்பு நான் வரைந்த ஓர் ஊருக்கு மறுபடி போனேன். அடையாளமே தெரியவில்லை. நின்று வரைந்த இடத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடி தொடங்க ஆசை. விட்டுப்போன வருடங்களை நினைவிலிருந்து எழுதினால் அது பொய்யாகிவிடாதா? கையும் வராமல் போய்விட்டது. பழைய நோட்டில் ஒட்டிய டிக்கெட்டுகள் வேறு வெளுத்துக்கொண்டே வருகின்றன.

பதில்: முதலில் அந்தப் பாதிப் பாலம். அதை முடிக்காதீர்கள். கீழே இன்றைய தேதியைப் போட்டு, ‘இத்தோடு நின்றது’ என்று எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். பயண நோட்டு வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிடுவது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, இப்படி ஒரு பக்கம் கடனாக நின்றுபோவதால். அதை அடைக்காமல் அடுத்ததைத் தொட மனம் வராது. நாள் போகப் போக அந்த இடத்தின் வெளிச்சமும் அளவும் மறந்து, அடைப்பது இன்னும் சிரமமாகும். ஆகவே புதிய நோட்டுக்கு ஒரே ஒரு விதி: கோடு போடுவது அந்த இடத்திலேயே முடிந்துவிட வேண்டும். கிளம்பும் நேரத்தில் எவ்வளவு வந்திருக்கிறதோ அவ்வளவுதான் படம்.

நிறத்துக்கு மட்டும் விலக்கு தரலாம். 1832-இல் மொராக்கோவுக்குப் போன பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா, சின்ன நோட்டுகளில் அவசரக் கோடுகள் போட்டு, பக்கத்திலேயே நிறங்களை எழுத்தால் குறித்துக்கொண்டார். முப்பது வருடம் கழித்து, 1863-இல் இறக்கும்வரைகூட அந்தப் பயணத்தின் காட்சிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். நீங்களும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் ‘பச்சைக் கதவு’ என்று எழுதினால் வீட்டில் ஒன்றுக்கும் உதவாது. ‘கதவு: செம்புக் களிம்புப் பச்சை, கீழ்ப்பாதி வெளுத்தது, நிழல் விழும் இடம் கிட்டத்தட்டக் கறுப்பு’ என்று இருந்தால் ஒரு வருடம் கழித்தும் தூரிகை எடுக்கலாம்.

கை வராமல் போனது பற்றி. இத்தனை வருடம் பழகிய கை கோட்டை அவ்வளவு சீக்கிரம் மறக்காது. பழக்கம் விட்டுப்போயிருப்பது கண்ணுக்கு, அதாவது அளவு பார்ப்பதற்கு. அது திரும்பும்வரை முழுப் பக்கப் படம் வேண்டாம். ஏ5 நோட்டின் பக்கத்தில் 9 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டம் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு கட்டம், மிச்ச இடம் எழுத்துக்கு. ஒரு கட்டத்துக்குப் பத்து நிமிடம். பென்சில் வேண்டாம், பேனாவே போதும். ரப்பர் கையில் இருந்தால் பத்தில் ஆறு நிமிடத்தை அது தின்றுவிடும்.

முதல் கோடு உங்கள் கண்மட்டம், அதாவது உங்கள் கண் இருக்கும் உயரத்தில் குறுக்கே ஓடும் கோடு. சமதரையில் நின்றுகொண்டு வரைந்தால், உங்கள் உயரமுள்ள எல்லாருடைய தலையும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அந்தக் கோட்டிலேயே வரும். தூரத்து ஆட்களைக் குட்டையாக்கித் தரையோரமாக வைத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. தலையைக் கோட்டிலேயே விட்டுவிட்டுக் காலை மேலே ஏற்றுங்கள். தெருவுக்கு உடனே ஆழம் வந்துவிடும். உட்கார்ந்து வரைந்தால் அதே கோடு, நிற்பவர்களின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் எங்கேயோ ஓடும்.

அடுத்து, காட்சியில் ஆகப் பெரிய உருவம் எதுவோ அதன் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். பேனாவை முழுக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நகர்த்தி அளக்க வேண்டும். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு விதமாக வரும். அது அமைந்த பிறகே மற்றவை. மூலையில் ஒரு அழகான ஜன்னலில் தொடங்கி நகர்ந்து போனால் கட்டிடத்தின் மறுகோடி தாளுக்கு வெளியே போய்விடும். நிழலின் ஓரத்தைத் தொடக்கத்திலேயே குறித்துவிட்டு, பிறகு அது நகர்ந்தாலும் மாற்றாதீர்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பாதி நிழல் இப்போதையது, பாதி பிறகு வந்தது என்றால் படம் ஏன் உறுத்துகிறது என்றே புரியாது. நாற்பது ஜன்னல் இருந்தால் இரண்டை ஒழுங்காகப் போடுங்கள், மற்றதற்குப் புள்ளி போதும்.

அடுத்த பயணம்வரை காத்திருக்கவும் வேண்டாம். பயணத்தில் மட்டும் எடுக்கும் நோட்டு நடுவில் எப்படியும் துருப்பிடிக்கும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆகிறது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபடுகிறது. இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. ‘தினமும் ஏழு மணிக்கு’ என்று வைத்துக்கொள்ளாமல், தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். எங்காவது தினமும் காத்திருக்க நேர்ந்தால் அந்த நேரம் நல்ல நேரம்.

சாமான் பற்றிச் சுருக்கமாக: வெறும் பேனாவுக்கு 100 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் போதும். லேசாக வாட்டர்கலர் பூச 200-க்கு மேல். தண்ணீர் நிறைய ஓடுமென்றால் 300. பேனா மை ‘பிக்மென்ட்’ வகையாக இருக்கட்டும். காய்ந்தபின் அது தண்ணீரில் கரையாது, வெளிச்சத்துக்கும் சீக்கிரம் வெளுக்காது. விலை உயர்ந்த நோட்டு வாங்காதீர்கள். முதல் பக்கத்தைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் அதோடு சேர்ந்தே வரும். சாதாரண நோட்டிலும் மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

இனி, எழுத்து. உங்கள் பழைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ‘அழகான இடம், மறக்க முடியாத மாலை’ போன்ற வரிகள் இருந்தால், அவற்றால் இன்று எதுவும் நினைவுக்கு வந்திருக்காது. ‘படிக்கட்டில் ஈரம், மேலே யாரோ துணி உதறும் சத்தம், 5.40’ என்பது போன்ற வரி இருந்தால் அந்த மாலையே எழுந்து வந்திருக்கும். உணர்ச்சியின் பெயரை எழுதாமல், அதைக் கிளப்பியது எதுவோ அதை எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வரி போதும்: நேரத்தோடு ஓர் இடம், ஒரு சத்தம் அல்லது வாசனை, யாரோ சொன்ன ஒரு வாக்கியம் அவர் வார்த்தையிலேயே, எதிர்பார்த்தபடி அமையாத ஒன்று, புரியாத ஒன்று. கடைசியதை விட்டுவிடாதீர்கள். புரிந்ததெல்லாம் பிறகு பொதுவான கருத்தாகக் கரைந்துவிடுகிறது, புரியாதது மட்டும் அப்படியே நிற்கிறது. அன்றிரவே எழுத வேண்டும். அடுத்த இடத்தில் ஒரு பகல் கழிந்துவிட்டால் முந்தைய நாளின் வரிசை குழம்பிவிடும்.

போனில் படம் எடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்களை மக்கள் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. நெருக்கி எடுக்காத பகுதிகூட நினைவில் நின்றது. எங்கே நெருக்குவது என்று ஒரு நொடி கண் தேட வேண்டியிருக்கிறதல்லவா, வேலை செய்வது அதுதான் என்று தோன்றுகிறது. வரைவதிலும் இதே கதை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருந்தது. வரைய நான்கே நொடி கொடுத்தபோதும் அப்படித்தான். படம் நன்றாக வந்ததா என்பது கணக்கில் வரவில்லை.

விட்டுப்போன ஏழு வருடங்களை எழுதினால் பொய்யாகுமா? கொஞ்சம் ஆகும். நினைவு என்பது எடுத்துப் பார்க்கிற பொருள் அல்ல, ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டுவது. பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-லேயே இதைக் காட்டிவிட்டார். அதற்காக எழுதாமல் இருக்க வேண்டாம். எது எங்கிருந்து வந்தது என்பது பக்கத்தில் தெரிந்தால் போதும். அதற்கு வழி, வரிசையைக் காப்பாற்றுவது: முதலில் நினைவு, பிறகுதான் படங்கள். ஃபோட்டோவை முதலில் பார்த்துவிட்டால், அதில் விழாததையெல்லாம் அது பின்னுக்குத் தள்ளிவிடும். ஃபோட்டோவில் பார்த்ததையே நேரில் பார்த்ததாகவும் நம்பத் தொடங்குவீர்கள்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொண்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் உட்காருங்கள். வாக்கியத்தில் தொடங்காமல் வரைபடத்தில் தொடங்குங்கள். தங்கிய இடத்தின் வாசல், அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினீர்கள், ஏற்றமா இறக்கமா, எங்கே வழி தப்பியது. வழி வரைய வரைய ஆட்களும் பேச்சும் தாமாக வந்து சேரும். இதையெல்லாம் கறுப்பு மையில் எழுதுங்கள். பிறகு படங்களைத் திறந்து, அவற்றிலிருந்து சேர்ப்பதையும் திருத்துவதையும் நீல மையில் எழுதுங்கள். கறுப்பில் எழுதியது தப்பென்று தெரிந்தாலும் அடிக்க வேண்டாம். பக்கத்தில் நீலத்தில் உண்மையை எழுதினால் போதும். பக்கத்தின் தலையில் இரண்டு தேதி: நடந்தது, எழுதியது.

படங்களின் தேதியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். போன் தன் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும், கேமரா பல நேரங்களில் சொந்த ஊர் நேரத்திலேயே ஓடும். செய்திச் செயலி வழியாக யாரோ அனுப்பிய படங்களில் எடுத்த நேரமும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும். அவை காட்டுவது வந்துசேர்ந்த தேதியை. செயலியைத் திறந்ததும் இன்னொன்றையும் பாருங்கள்: பயணத்தின்போது வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் நீங்கள் அனுப்பிய செய்திகள். ‘வந்து சேர்ந்துவிட்டேன், ஒரே மழை, பை நனைந்துவிட்டது’ என்று நேரத்தோடு இருக்கும். நோட்டு இல்லாத ஏழு வருடமும் நீங்கள் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள், துண்டு துண்டாக. அவற்றை வார்த்தை மாற்றாமல் நீல மையில் படியெடுங்கள். ஏழு வருடத்தையும் இப்படிச் செய்ய உட்கார்ந்தால் அதுவே இன்னொரு பாதிப் பாலமாகிவிடும். மூன்று பயணம் போதும், மற்றவற்றுக்கு ஊர், மாதம், கூட வந்தவர் பெயர் என்று ஒரு வரி.

மாறிப்போன ஊருக்கு மீண்டும் போனால் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க முறை இருக்கிறது. 1870-களில் அமெரிக்க மேற்குப் பகுதியில் நில அளவைக் குழுக்கள் எடுத்த ஃபோட்டோக்களை, 1977 முதல் 1979 வரை ஃபோட்டோக் கலைஞர் மார்க் கிளெட்டும் அவர் குழுவினரும் அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்தார்கள். அந்த வகை வேலையின் அடிப்படை ஒன்றுதான்: எது எதை மறைக்கிறது என்று பார்ப்பது. பழைய படத்தில் கிட்டத்தில் ஒரு பொருளையும் தூரத்தில் ஒன்றையும் தேர்ந்தெடுங்கள், உதாரணமாக ஒரு சுவரின் மூலையும் பின்னால் இருக்கும் குன்றின் முனையும். இரண்டும் படத்தில் உள்ளபடி சேரும்வரை இடமும் வலமுமாக நகருங்கள். அதேபோல் இன்னொரு ஜோடி சேரும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். இரண்டு ஜோடியும் ஒன்றாகச் சேரும் இடமே நீங்கள் நின்ற இடம். நகராமல் ஜூம் செய்து உருவத்தின் அளவைப் பொருத்தப் பார்ப்பதுதான் இதில் எல்லாரும் செய்யும் தப்பு. காட்சியின் அமைப்பைத் தீர்மானிப்பது நிற்கும் இடம், லென்ஸ் அல்ல. கையால் வரைந்த படத்துக்கும் இது பொருந்தும். உங்கள் கோட்டில் அளவு தப்பியிருக்கலாம், எது எதன் முன்னால் நின்றது என்பது அவ்வளவாகத் தப்பாது.

கீழ்த்தளத்தைப் பார்த்துத் தேடாதீர்கள். பலகையும் கண்ணாடியும் பெயிண்டும்தான் முதலில் மாறுகின்றன, மேல்தளத்து ஜன்னல் வரிசையும் கூரை விளிம்பும் நீண்ட காலம் நிற்கும். தெருவின் வளைவும் சரிவும் அதைவிடப் பிடிவாதமானவை. நிழலும் பொருந்த வேண்டுமென்றால் பழைய நோட்டில் உள்ள மாதத்தில் அதே நேரத்துக்குப் போங்கள். அந்த மாதம் வசதிப்படவில்லையென்றால், ஜூன் 21-க்கு அந்தப் பக்கம் அதே தொலைவிலுள்ள தேதி உதவும்: ஏப்ரல் 21-க்கு ஆகஸ்ட் 21. இரண்டு நாளிலும் சூரியன் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் போகிறது.

டிக்கெட்டுகளை மட்டும் இந்த வாரமே கவனியுங்கள். நகத்தால் கீறினால் கறுக்கும் வழவழப்பான சீட்டுகள் வெப்பத்தால் அச்சானவை, அவற்றில் மையே கிடையாது. வெளிச்சம், சூடு, பிளாஸ்டிக் உறை, சில பசைகள் எல்லாமே எழுத்தை அழித்துவிடும், போனது திரும்பாது. ஒட்டியதைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்து 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற நுணுக்க அளவு) ஸ்கேன் செய்யுங்கள், தபால்தலை அளவுச் சீட்டானால் 600. கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தாமாகவே காலவரிசையில் நிற்கும். ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே எங்காவது இருக்கட்டும். எழுத்து மங்கிப்போன சீட்டாக இருந்தால், தெரிகிறவரை படித்துப் பக்கத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் சீட்டு முழுவதும் கறுத்துவிடும்.