டிராஃபிக்கில் ஊர்ந்து போனால் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் தாங்குமா?

கேள்வி: ஏழு கியர் டி.எஸ்.ஜி. (தானாகக் கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) உள்ள பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 70,000 கி.மீ. ஓடியது. தினமும் சென்னை டிராஃபிக்கில்தான் ஓட்டப்போகிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் எது தேயும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். இந்த கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) வரை தாங்கும்படி செய்யப்பட்டது. உங்கள் எஞ்சின் தருவது 175 மட்டுமே. அதனால் பல்சக்கரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்; கவலை, எஞ்சினையும் கியரையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்சைப் பற்றித்தான்.

உள்ளே இரண்டு கிளட்ச்கள் இருக்கின்றன. 1, 3, 5, 7 ஒன்றில். 2, 4, 6, ரிவர்ஸ் இன்னொன்றில். ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்கும். கியர் மாறுவதே தெரியாததற்குக் காரணம் அதுதான். 2003-ல் வந்த ஆறு கியர் டி.எஸ்.ஜி.யில் கிளட்ச் ஆயிலில் முங்கியிருக்கும். சூட்டை ஆயில் இழுத்துக்கொள்ளும். உங்களுடையது உலர் கிளட்ச். பெட்ரோல் மிச்சம், ஆனால் சூடு வெளியேற காற்றை விட்டால் வழியில்லை. நடை வேகத்தில் ஊரும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சிக்னலில் பத்து நிமிடம் ஊர்வது, நெடுஞ்சாலையில் நூறு கி.மீ. போவதைவிட கிளட்சை அதிகமாகத் தேய்க்கும் என்பது என் கணிப்பு.

அதனால் முன்னால் உள்ள வண்டியோடு ஒட்டிக்கொண்டே நகராதீர்கள். கொஞ்சம் இடம் விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். நிற்கும்போது பிரேக்கை அழுத்தி மிதியுங்கள், கிளட்ச் விலகிவிடும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிப்பது மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு பாகம் மெக்கட்ரானிக்ஸ், அதாவது கியரையும் கிளட்சையும் இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பெட்டி. டி.எஸ்.ஜி. கோளாறுக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3.8 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. எனவே பழைய சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெக்கட்ரானிக்ஸ் ஏற்கெனவே மாற்றியிருந்தால் அது குறையல்ல, நல்லதுதான்.

டெஸ்ட் டிரைவை எஞ்சின் ஆறியிருக்கும்போது முடித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிச் சூடாக்குங்கள். அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மெதுவாக மாறும்போது உதறுகிறதா, மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது நடுங்குகிறதா என்று கவனியுங்கள். இரண்டு கிளட்ச்களையும் அப்படிச் சோதிக்கலாம். உதறல் இருந்தால், கிளட்ச் செட் மாற்றும் செலவை ஒரு மெக்கானிக்கிடம் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.