நான்கு தொட்டிக்கு எந்தத் தக்காளி?

கேள்வி: நல்ல வெயில் விழும் இடத்தில் நான்கு பெரிய தொட்டிகள் வைத்திருக்கிறேன். போன முறை பிராண்டிவைன் தக்காளி போட்டேன். செடி என் தலைக்கு மேல் வளர்ந்தது, பூவும் நிறையப் பூத்தது. ஆனால் பெரும்பாலும் உதிர்ந்துபோய், கடைசியில் கிடைத்தது ஏழெட்டுப் பழம்தான். சாப்பிட்ட பழங்களின் ருசியை மட்டும் மறக்க முடியவில்லை. இந்த முறை ருசியும் வேண்டும், காய்ப்பும் வேண்டும். எந்த ரகங்களைப் போடலாம்? விதை எடுத்து வைக்க நாட்டு ரகம் நல்லதா, ஹைபிரிட் நல்லதா?

பதில்: பிராண்டிவைன் உங்களை மட்டும் ஏமாற்றவில்லை. ருசிக்குப் பேர்போன அந்த ரகம், காய்ப்பில் கஞ்சத்தனத்துக்கும் பேர்போனது. நாற்று நட்டதிலிருந்து முதல் பழம் பழுக்கவே 80, 90 நாள் ஆகும். விதை உறையில் போட்டிருக்கும் நாள் கணக்கு எப்போதும் நாற்றை எடுத்து நட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். நாற்றுக்காலம் ஐந்தாறு வாரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவு நாள் காத்திருக்கையில் ஒரு வெப்ப அலை வந்தால் போதும், பூவெல்லாம் உதிர்ந்துவிடும். பகலில் 32 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால் மகரந்தம் வலுவிழக்க ஆரம்பிக்கும். இரவில் 21க்கு மேலேயே நின்றாலும் பல ரகங்களில் காய் பிடிப்பது குறையும். 13க்குக் கீழே இறங்கினாலும் இதே கதைதான். பெரும்பாலானோர் பகல் வெயிலை மட்டும் குறை சொல்வார்கள், இரவுச் சூட்டைக் கவனிப்பதே இல்லை. பொதுவாகச் சொன்னால், காய் பெரிதாகப் பெரிதாக இந்தத் தொந்தரவு கூடும். சிறுபழ ரகங்கள் சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்கும்.

அதனால் பழத்தின் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் செடியின் வளர்ச்சிப் பழக்கத்தைப் பாருங்கள். விதை உறையில் டிடர்மினேட், இன்டிடர்மினேட் என்று இரண்டில் ஒன்று அச்சாகியிருக்கும். டிடர்மினேட் செடி ஓர் உயரம் வந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்துத் தன் வளர்ச்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும். சில வாரங்களுக்குள் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும். இன்டிடர்மினேட் செடி நுனியை நீட்டிக்கொண்டே போகும். ஏறக்குறைய மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து என்று நோயோ குளிரோ நிறுத்தும்வரை காய்க்கும். இதற்கு உயரமான குச்சியும் குறைந்தது 40 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டியும் கொடுங்கள். டிடர்மினேட்டுக்கு 20 லிட்டர் போதும். பக்கக் குருத்துகளைக் கிள்ளுவது இன்டிடர்மினேட்டுக்கு மட்டுமே. டிடர்மினேட் செடியில் கிள்ளினால், வரப்போகும் காயைத்தான் கிள்ளி எறிகிறீர்கள்.

இனி ரகங்கள். ஒரே ஒரு செடிதான் வைக்கலாம் என்றால் நான் யோசிக்காமல் சன்கோல்டு வைப்பேன். ஜப்பானின் டோக்கிடா விதை நிறுவனம் உருவாக்கிய ஹைபிரிட் இது, 1992இல் வெளிவந்தது. கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய ஆரஞ்சு நிறப் பழம். நட்டு இரண்டு மாதத்துக்குள் பறிக்கத் தொடங்கலாம். இதன் இனிப்பு எல்லோருக்கும் தெரியும். இதற்கு இத்தனை ரசிகர்கள் சேர்ந்ததற்குக் காரணம் இனிப்பைத் தொட்டுக்கொண்டு வரும் புளிப்பும், பழ வாசனையும். மஞ்சளாக இருக்கும்போதே பறித்தால் அந்த வாசனை வராது. நிறம் அடர்ந்த ஆரஞ்சாக மாறும்வரை பொறுங்கள். ஒரு குறை உண்டு, தோல் மெல்லியது. காய்ந்த தொட்டியில் ஒரே நாளில் நிறையத் தண்ணீர் ஊற்றினாலோ, மழை பெய்தாலோ, மறுநாள் காலையில் கொத்தில் பாதிப் பழம் காம்பிலிருந்து கீழ்நோக்கி வெடித்து நிற்கும். மழை வரும்போல் இருந்தால், நிறம் மாறத் தொடங்கியவற்றை முன்கூட்டியே பறித்து உள்ளே வைத்துப் பழுக்க விடுங்கள். ருசி சற்று மட்டாக இருக்கும், ஆனால் பழம் தப்பும். ஹைபிரிட் வேண்டாம் என்றால் பிளாக் செர்ரி வையுங்கள். அதுவும் கொடிபோல் நீண்டு கொத்துக்கொத்தாய்க் காய்க்கும்.

நடுத்தரப் பழத்தில் நான் நம்புவது செலிபிரிட்டி. 1984இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்ற ஹைபிரிட். ருசியில் முதலிடம் என்று சொல்ல மாட்டேன். மற்றவை காலை வாரும் ஆண்டிலும் இது ஏதாவது கொடுக்கும். காரணம், விதை உறையில் ரகத்தின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்: வி, எஃப், என், டி. வி என்றால் வெர்ட்டிசிலியம் வாடல், எஃப் என்றால் ஃபியூசேரியம் வாடல், என் என்பது வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழு, டி என்பது புகையிலைத் தேமல் வைரஸ். இவற்றுக்கு எதிர்ப்புத் திறன் இருக்கிறது என்று பொருள். நோயே வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. வந்தாலும் செடி தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ்தான் உங்கள் பெரிய எதிரி என்றால் இந்த நான்கு எழுத்தும் உதவாது. அதற்கென்றே எதிர்ப்புள்ள ரகத்தைத் தேட வேண்டும். அர்க்கா ரக்‌ஷக் அப்படிப்பட்டது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்த ஹைபிரிட், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும். குளிர் சீக்கிரம் வரும் இடமென்றால் செக் நாட்டு ரகமான ஸ்டுபிட்சேவைப் பாருங்கள். காய் சின்னதுதான், ஆனால் வெகு சீக்கிரம் பழுக்கும்.

பெரிய பழ ஆசை விடாது என்று தெரிகிறது. பிராண்டிவைனுக்குப் பதிலாகச் செரோக்கி பர்ப்பிளை வைத்துப் பாருங்கள். 1990இல் டென்னசிக்காரர் ஒருவர் தக்காளி ஆர்வலர் கிரெய்க் லெஹூலியருக்குத் தபாலில் அனுப்பிய விதையிலிருந்து பரவிய ரகம் இது. ருசியில் பிராண்டிவைனுக்கு இளைத்ததல்ல, காய்ப்பதில் அதைவிடத் தாராளம். பழம் கறுத்த சிவப்பாக இருக்கும், காம்பைச் சுற்றியுள்ள மேல்பகுதி, அதாவது பழத்தின் தோள், பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சையைப் பார்த்துப் பழுக்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தால் பழம் குழைந்துவிடும். அடிப்பக்கம் விரலுக்கு லேசாக நெகிழ்ந்தால் பறித்துவிடுங்கள்.

இந்தப் பச்சைத் தோள் சாதாரண விஷயமில்லை. முழுப் பழமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று வியாபாரத்துக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், காயில் பச்சையத்தைக் கூட்டும் ஒரு மரபணு செயலிழந்துபோனது 2012இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காயில் பச்சையம் குறைந்தால் அங்கே உருவாகும் சர்க்கரையும் குறையும். பார்வைக்கு லட்சணமான பழம் வாயில் சப்பென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. ரோஸ் நிறப் பழம் ஒன்றையும் சிவப்புப் பழம் ஒன்றையும் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ரோஸ் பழத்தின் தோல் கண்ணாடிபோல் நிறமின்றி இருக்கும். சிவப்புப் பழத்தின் தோலோ மஞ்சள். உள்ளே சதை இரண்டிலும் சிவப்புத்தான்! மஞ்சள் தக்காளியில் அமிலம் குறைவு என்று சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். பல மஞ்சள் ரகங்களில் அமிலம் சிவப்புக்குச் சமமாகவே இருக்கிறது. சர்க்கரையும் வாசனையும் வேறுபடுவதால் நாக்குக்கு அப்படித் தோன்றுகிறது.

கெட்டியாகக் காய்ச்சி வைக்க வேண்டும் என்றால் ரோமா போதும், டிடர்மினேட் செடி, ஒரே சமயத்தில் காய் கிடைக்கும். சான் மர்சானோவின் ருசி இதைவிட நன்று; ஆனால் நீளக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து அழுகும் தொல்லை அதில் அதிகம். காய்க்குக் கால்சியம் எட்டாததால் வருவது அது. முட்டை ஓட்டைத் தூவுவதால் உடனே தீராது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று மாறினால் காய்க்குப் போய்ச் சேராது. மைக்ரோ டாம் போன்ற ஒரு சாண் உயரக் குட்டிச் செடிகளைச் சன்னலோரத்தில் அழகுக்கு வைக்கலாம். ருசிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆக, உங்கள் தொட்டிக் கணக்கு: ஒன்றில் சன்கோல்டு, ஒன்றில் செலிபிரிட்டி அல்லது உங்கள் இடத்து நோய்க்கு ஈடுகொடுக்கும் வேறு ஹைபிரிட், இருப்பதில் பெரிய தொட்டியில் செரோக்கி பர்ப்பிள். நான்காவதில் ஆண்டுக்கு ஒரு புது ரகம் வைத்துப் பாருங்கள். பழுத்தாலும் பச்சைக் கோடுகளோடே நிற்கும் கிரீன் ஜீப்ராவில் தொடங்கலாம். புளிப்புத் தூக்கலான ரகம் அது. எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் இரண்டு வார இடைவெளி விட்டால், வெப்ப அலை வந்தாலும் நான்கு செடியின் பூவும் ஒருசேர உதிராது.

விதைக் கேள்விக்கு வருகிறேன். ஹைபிரிட் பழத்தின் விதையைப் போட்டால் செடி முளைக்கும், காய்க்கும். ஆனால் தாய்போலப் பிள்ளை இருக்காது. ஒவ்வொரு செடியும் ஒரு தினுசாக வரும். ஆகவே சன்கோல்டு, செலிபிரிட்டி, அர்க்கா ரக்‌ஷக் மூன்றுக்கும் ஒவ்வொரு முறையும் புது விதைதான். செரோக்கி பர்ப்பிள், பிளாக் செர்ரி, கிரீன் ஜீப்ரா போன்ற ஹைபிரிட் அல்லாத ரகங்களில் தைரியமாக விதை எடுக்கலாம். தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுறும் என்பதால், பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு அபூர்வம். நோயில்லாத செடியில் நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து, விதையை அதன் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். மேலே ஆடை கட்டும், நாற்றமும் வரும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைய அது வேண்டும். பிறகு அலசி, தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் காயவைத்தால் விதை ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க வராது.